விருந்தினர் பேசி முடித்த பிறகு: வாசகர் கேள்வி பதில்

கல்லூரி, பல்கலைக்கழகச் சொற்பொழிவுகள் பற்றி உங்கள் கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தேன். இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் வரலாறு நடத்தியவன், அதில் பாதிக் காலம் துறை மன்றத்துக்குப் பொறுப்பாக இருந்து ஆள் அழைத்து, நாற்காலி போட்டு, மைக் சரிபார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் இடமில்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

*எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். மாதம் இரண்டு முறை செமினார் ஹாலில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறார்கள், போகாவிட்டால் அட்டெண்டன்ஸ் கிடையாது. வருகிறவர் பவர்பாயின்டில் இருப்பதை அப்படியே படித்துவிட்டுப் போகிறார். இதைவிட நல்ல உரைகள் யூடியூபில் கிடைக்கும்போது நேரில் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது?*
மாணவி, திருச்சி

யூடியூபில் அருமையான உரைகள் இருக்கின்றன, நானும் கேட்கிறேன். ஆனால் உரை முடிந்ததும் அந்தத் திரையிடம் போய், "சார், உங்க புத்தகத்தை முழுசாப் படிச்சிருக்கேன், உங்ககிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும்" என்று சொல்ல முடியாதே அம்மா. நீங்கள் இயற்பியல் மாணவி என்பதால் உங்கள் துறையிலேயே நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1928ஆம் ஆண்டு. சுப்ரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் மாணவர். ஜெர்மனியிலிருந்து இயற்பியல் பேராசிரியர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் வந்து அந்தக் கல்லூரியில் உரையாற்றினார். அணுவின் அமைப்பு பற்றி அவர் எழுதிய புத்தகத்தைத்தான் அன்றைக்கு அந்தத் துறைக்குள் வருகிற எல்லோரும் படிப்பார்கள், சந்திரசேகரும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகவே படித்து முடித்திருந்தார். உரை முடிந்ததும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவரோ மறுநாள் சோமர்ஃபெல்ட் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்விட்டார். உங்கள் புத்தகத்தைப் படித்தேன் என்று பெருமையாகச் சொன்ன பையனிடம், அந்தப் புத்தகம் வந்த பிறகு இயற்பியலே தலைகீழாக மாறிவிட்டது, நீ படித்தது பழசு என்று அவர் சொன்னார். அதோடு விட்டிருந்தால் பையன் மனசு ஒடிந்து திரும்பியிருப்பான். ஷ்ரோடிங்கர், ஹைசன்பெர்க், டிராக் எல்லாரும் புதிதாக என்ன செய்திருக்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லி, உலோகங்களுக்குள் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று தான் எழுதி இன்னும் வெளிவராமல் இருந்த கட்டுரையின் அச்சுப்படிகளை அவன் கையில் கொடுத்து அனுப்பினார். எலெக்ட்ரான்கள் கூட்டமாக இருக்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடும் ஃபெர்மி டிராக் புள்ளியியல் சந்திரசேகர் கைக்கு வந்தது இப்படித்தான். அதை வைத்து அவர் எழுதிய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, வெண் குறுமீன்கள் என்கிற, எரிந்து முடிந்து சுருங்கிப்போன விண்மீன்களின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டாரே, அதற்கும் அதே புள்ளியியல்தான் அடிப்படை. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அன்று மேடையில் சோமர்ஃபெல்ட் பேசியது எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? அரங்கத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் அதே பேச்சைத்தான் கேட்டார்கள், மறுநாள் ஹோட்டலுக்குப் போனவர் ஒருவர்தான். அதனால் அடுத்த முறை வருகிறவர் யார் என்று நாலு நாள் முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் எழுதிய கட்டுரை ஒன்றையாவது புரிகிற வரைக்கும் படித்து, எங்கே புரியாமல் போனதோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பவர்பாயின்டைப் படிக்கிற ஆசாமிகூட, அந்தக் கோட்டைக் காட்டிக் கேட்டால் வேறு ஆளாக மாறிவிடுவார். இதை நான் பல தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

*அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சிறப்புச் சொற்பொழிவு ஏற்பாடு செய்யும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கே தொடங்குவது?*
விழுப்புரம்

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள் தம்பி. பெரும்பாலான கல்லூரிகளில் நடப்பது இதுதான். பத்தரை மணி என்று அழைப்பிதழில் போட்டிருக்கும், முதல்வர் வேறு கூட்டத்தில் இருப்பார், பதினொன்றே கால் ஆகிவிடும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, மூன்று பேர் வாழ்த்துரை, அப்புறம் விருந்தினரின் இரண்டு பக்க பயோடேட்டாவை ஒரு மாணவர் எழுத்து விடாமல் படிப்பார், ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைப்படம். விருந்தினர் மைக்கைப் பிடிக்கும்போது மணி பன்னிரண்டரை. ஒரு மணிக்குச் சாப்பாடு, ஒன்றரைக்கு வெளியூர் மாணவர்களின் பஸ். கேள்வி நேரமா, அது கிடையாது, நேரமின்மை காரணமாக நன்றியுரைக்குச் செல்கிறோம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு கல்லூரியில் இப்படி நடந்ததை நான் மறக்க மாட்டேன். சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருந்தார் ஒரு ஆய்வாளர். நாற்பது வருடம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்து திரிந்தவர். அவருக்குக் கிடைத்தது பதினெட்டு நிமிடம். பேசிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையிலிருந்து துண்டுச்சீட்டு போனது. அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி, நான் முடிச்சுக்கிறேன்" என்றார். அவர் கொண்டுவந்திருந்த துணிப்பையில் பிள்ளைகளுக்குக் காட்டவென்று பழைய மண்பாண்டத் துண்டுகள் இருந்தன, அதை அவர் திறக்கவே இல்லை. பஸ் ஏற்றிவிடும்போதுதான் எனக்கே தெரியும்.

அதனால் இதைச் செய்யுங்கள். வரவேற்பும் அறிமுகமும் ஒரே ஆள், மூன்று நிமிடம். அறிமுகத்தில் பட்டங்களை அடுக்க வேண்டாம், இவர் எந்தக் கேள்விக்குப் பின்னால் இத்தனை வருடம் அலைந்தார் என்று ஒரு விஷயம் சொன்னால் போதும், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். வாழ்த்துரை வேண்டவே வேண்டாம். முதல்வர் பேசியே ஆகவேண்டும் என்றால் கடைசியில், கேள்விகள் முடிந்த பிறகு பேசட்டும். பொன்னாடைக்குப் பதில் ஒரு புத்தகம். முன்வரிசை நாற்காலிகளில் பாதியை மாணவர்களுக்கு விடுங்கள், பெரியவர்களுக்காகக் காலியாக வைத்த நாற்காலிகளைப் பார்த்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று பேசியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பேச்சு நாற்பத்தைந்து நிமிடம் என்றால் கேள்வி அரை மணி. முதல் கேள்விக்குத்தான் எல்லாரும் தயங்குவார்கள், அதற்கு மட்டும் முன்கூட்டியே ஒரு பிள்ளையைத் தயார் செய்து வையுங்கள்.

விருந்தினருக்குப் போன் செய்து, கேட்கப் போகிறவர்கள் யார் என்று சொல்லுங்கள். பி.ஏ. இரண்டாமாண்டு, எழுபது பேர், பாதிப் பேர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், தமிழில் பேசினால் நன்றாக இருக்கும் என்று நேராகவே சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பயணச் செலவும் மதிப்பூதியமும் எவ்வளவு, அன்றைக்கே கையில் தருவீர்களா, பில் போட்டு இரண்டு மாதம் ஆகுமா என்பதையும் அந்தப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கிற நாக் (NAAC) குழுவுக்குக் காட்ட, எடுத்த இடம் பதிவாகிற ஜியோடேக் படம், வருகைப் பதிவு, ஃபீட்பேக் படிவம், அறிக்கை எல்லாம் வேண்டும் என்று உங்களை விரட்டுவார்கள். அதையும் செய்யத்தான் வேண்டும், உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் படம் எடுப்பதைக் கேள்வி நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து நின்று கேட்கிற ஒரு பிள்ளையின் படம் அறிக்கையிலும் நன்றாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். சாப்பாட்டை முதல்வர் அறையில் வைக்காதீர்கள். விருந்தினரோடு நாலைந்து பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

*சொற்பொழிவு நடத்த எங்கள் அம்மா பெயரில் ஒரு பல்கலைக்கழகத்தில் 2 லட்சம் ரூபாய் அறக்கட்டளை வைக்க விரும்புகிறோம். எங்கள் அம்மா ஐந்தாம் வகுப்புதான் படித்தவர், ஆனால் கூட்டம் எங்கே நடந்தாலும் போய்க் கேட்பார். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?*
கோவை

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். படிக்க வாய்ப்பில்லாமல் போய், கேட்டே வளர்ந்த ஒரு தலைமுறை நம் ஊரில் இருந்தது. அவர்கள் பெயரில் இப்படி ஒன்று வைப்பது மிகச் சரியான காரியம்.

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பது எளிய ஏற்பாடு. முதலைத் தொடாமல் வட்டியில் ஆண்டுக்கு ஒரு உரை. நம் நாட்டில் இது பழைய பழக்கம்தான், கல்கத்தா பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் 1870இல் தொடங்கின. பிரசன்ன குமார் தாகூர் தன் உயிலில் எழுதி வைத்த பணம் அது. அதே பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி, இறந்துபோன தன் மகள் கமலாவின் பெயரில் ஒரு சொற்பொழிவு வரிசையை ஏற்படுத்தினார். அதில் 1926இல் பேசியவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி, தலைப்பு இந்தியக் குடிமகனின் உரிமைகளும் கடமைகளும். மகளை இழந்த ஒரு தகப்பனின் துக்கத்திலிருந்து வந்த பணம், குடிமகன் என்றால் யார் என்று நாடு சுதந்திரம் அடைய இருபத்தோரு வருடம் முன்னாலேயே ஒரு அரங்கத்தில் பேச வைத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நெகிழ்கிறது.

இந்த வரிசைகள் நிலைத்து நின்றதற்குக் காரணம் அச்சு. தாகூர் சொற்பொழிவுகள் புத்தகமாக வந்ததால்தான் சட்டம் படித்தவர்களுக்கு அந்தப் பெயரே தெரிகிறது. தமிழிலும் எத்தனையோ நல்ல ஆய்வு நூல்களின் முன்னுரையைத் திறந்தால், இன்ன பல்கலைக்கழகத்தில் இன்ன அறக்கட்டளைக்காக ஆற்றிய உரைகளின் நூல் வடிவம் என்று இருக்கும். ஆகவே உங்கள் பத்திரத்தில் முதல் நிபந்தனையாக, உரை எழுத்திலோ ஒலிப்பதிவிலோ எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

அடுத்து கணக்கு. 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 2 லட்சத்துக்கு ஆண்டுக்கு 14,000 ரூபாய். இன்றைக்கு ஒருவருக்கு ரயில் டிக்கெட், தங்குமிடம், மதிப்பூதியம், டீ இவற்றுக்கு அது போதும். இருபது வருடம் கழித்துப் போதாது. எப்போதோ 10,000 ரூபாய் போட்டு வைத்த அறக்கட்டளைகளை நினைத்துப் பாருங்கள், அதே வட்டிக்கு இன்று 700 ரூபாய்தான் வரும். அப்புறம் என்ன செய்வார்கள், நாலு அறக்கட்டளையை ஒரே நாளில் சேர்த்து, உள்ளூர் ஆசிரியர்களையே ஆளுக்கு இருபது நிமிடம் பேச வைத்து முடித்துவிடுவார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, பணம் அவ்வளவுதான். அதனால் வட்டியில் கால் பங்கை ஒவ்வோர் ஆண்டும் முதலோடு சேர்க்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். ஆண்டுதோறும் நடத்த முடியாவிட்டால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நன்றாக நடத்தலாம் என்றும் எழுதுங்கள்.

இன்னொன்று உங்கள் அம்மாவுக்காக. அரங்கத்துக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம், வாசலில் அடையாள அட்டை கேட்கக் கூடாது என்பதையும் நிபந்தனையில் சேருங்கள்.

*இங்கே நாங்கள் நினைவுப் பேருரை என்போம். உரையை முன்கூட்டியே சிறு நூலாக அச்சிட்டு அன்றைக்கே சபையில் கொடுப்பது வழமை. ஆனால் பேசுபவர் அந்தப் புத்தகத்தையே வாசித்து விடுகிறார். இது சரியா?*
யாழ்ப்பாணம்

அச்சிட்டுக் கொடுக்கிற அந்த வழமையை விட்டுவிடாதீர்கள். நான் போற்றுகிற ஒன்று அது. தமிழகத்தில் எத்தனையோ நல்ல உரைகள் காற்றோடு போய்விட்டன. வாசிப்பதுதான் சிக்கல் என்றால் வழி இருக்கிறது. நூலை ஒரு வாரம் முன்னாலேயே வேண்டியவர்களுக்குக் கிடைக்கச் செய்துவிட்டு, மேடையில் அதன் ஒரு பகுதியை மட்டும் விரித்துப் பேசச் சொல்லுங்கள். படித்துவிட்டு வந்தவர்கள் கேள்வி கேட்பார்கள், அப்போது பேருரை நிஜமாகவே பெரிதாகிவிடும்.

*கேள்வி கேட்க ஆசையாக இருக்கிறது, எழுந்தால் வாய் வருவதில்லை. ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமே என்ற பயம் வேறு.*
மாணவர், சென்னை (இதே கேள்வியை எழுதியவர்கள் பதினோரு பேர்)

பதினோரு பேரும் தமிழில் கேளுங்கள். பேச்சு ஆங்கிலத்தில் இருந்தாலும் கேள்வி தமிழில் இருக்கலாம், மொழிபெயர்க்க அங்கே ஒரு ஆசிரியர் இல்லாமலா போய்விடுவார்? கேள்வியை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே படிக்கலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை. "நீங்க இன்ன இடத்துல இப்படிச் சொன்னீங்க, அதுக்கு அடுத்தது எனக்குப் புரியல" என்பது மிக நல்ல கேள்வி. சொல்லப்போனால் பேசுகிறவருக்கு அதைவிட உதவியான கேள்வி கிடையாது. உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற இருபது பேருக்கும் அதே இடத்தில்தான் நூல் அறுந்திருக்கும்.

நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மைக்கை வாங்கி ஏழு நிமிடம் தன் கருத்தைச் சொல்கிற பெரியவர் எல்லா அரங்கத்திலும் உண்டு. அவரிடம் மரியாதையாக, "ஐயா, கேள்வி என்ன?" என்று கேட்டு, மைக்கைப் பின்வரிசைக்குக் கொண்டுபோங்கள். மைக்கே வேண்டாம் என்கிற பிள்ளைகளுக்குத் துண்டுத்தாள் கொடுங்கள். தாளில் வருகிற கேள்விகளில்தான் உண்மையான சந்தேகங்கள் இருக்கும்.

*நான் பேராசிரியர். மாதத்துக்கு மூன்று நான்கு கல்லூரிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். விருந்தினராகப் போகிறவர் செய்ய வேண்டியது என்ன என்று நீங்கள் யாரும் எழுதுவதில்லையே?*
மதுரை

உண்மைதான், கேட்டதற்கு நன்றி. போன இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் விருந்தினரின் முதல் வேலை என்று நான் நம்புகிறேன். 1914 தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணித விரிவுரைகள் நிகழ்த்த கேம்பிரிட்ஜிலிருந்து வந்தவர் எரிக் நெவில். வயது 25. ராமானுஜன் அப்போது பல்கலைக்கழகம் தந்த மாதம் 75 ரூபாய் உதவித்தொகையில் ஆய்வு செய்துகொண்டிருந்தார், நெவிலைவிட ஒரு வயதுதான் மூத்தவர். எப்படியாவது அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரச் சம்மதிக்க வை என்று அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டி நெவிலிடம் சொல்லி அனுப்பியிருந்தார். ராமானுஜன் தன் நோட்டுப் புத்தகங்களைக் காட்டினார், பிறகு எடுத்துக்கொண்டு போய் நிதானமாகப் பாருங்கள் என்று அவரிடமே கொடுத்துவிட்டார். அதுவரை யாரிடமும் எளிதில் விட்டுவிடக்கூடிய பொருளா அது? நெவில் மீது அவ்வளவு நம்பிக்கை வந்திருக்கிறது. பல்கலைக்கழகப் பதிவாளருக்கு நெவில் ஜனவரி 28 அன்று கடிதம் எழுதினார், இந்த மனிதரை அனுப்பி வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வாதாடினார். ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கிடைத்தது. மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பலேறிவிட்டார்.

நெவில் அன்று நடத்திய விரிவுரைகளை இன்றைக்கு யாராவது நினைவில் வைத்திருக்கிறார்களா? வந்த இடத்தில் ஒருவர் நோட்டைத் திறந்து காட்டும்போது உட்கார்ந்து பார்த்தார், அப்புறம் பேனாவை எடுத்து அவருக்காக எழுதினார், அதற்காகத்தான் அவர் பெயரை நாம் சொல்கிறோம்.

மாதம் நான்கு என்பதை இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள் சார். காலையில் பேசிவிட்டு மதியம் அடுத்த ஊர் என்று ஓடாமல், அன்று முழுக்க அங்கேயே இருங்கள். 1968இல் முதலமைச்சராக இருந்த அண்ணா அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சப் ஃபெலோவாகப் போனார் இல்லையா, அந்த ஏற்பாட்டின் அடிப்படையே அதுதான். அழைக்கப்பட்டவர் சில நாள் மாணவர் விடுதிச் சூழலிலேயே தங்கி, அவர்களோடு சாப்பிட்டு, பேசி, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் விருந்தினர் இல்லம் இருக்கிறது, மாணவர் விடுதியும் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே நடந்தால் பத்து நிமிடம்.

*எங்கள் கல்லூரி சின்ன ஊரில் இருக்கிறது. பெரிய ஆட்கள் யாரும் வருவதில்லை, கூப்பிடப் பணமும் இல்லை. நாங்கள் என்ன செய்வது?*
சிவகங்கை

பணமும் கட்டடமும் இல்லாமல் நடந்த கதை ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸில் இயற்பியல் மாணவர்களைக் கூட்டி வைத்துக் கருத்தரங்கு நடத்திவந்தார். சென்னைக்கு வருகிற விஞ்ஞானிகளை வீட்டுக்கு அழைத்துப் பேச வைப்பார். 1960 ஜனவரியில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் நீல்ஸ் போர் வந்தார், அந்தப் பிள்ளைகளின் படிப்பைப் பார்த்து அசந்துபோய்ப் பத்திரிகைக்காரர்களிடமே அதைச் சொன்னார். கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் அக்கறை எடுத்துக்கொண்டு அவர்களை நேருவைச் சந்திக்க வைத்தார். 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. தொடக்க விழா நடந்த இடம் மாநிலக் கல்லூரி, தொடங்கி வைத்தவர் அதே சந்திரசேகர். ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசிய பிள்ளைகள்தான் அதற்குக் காரணம்.

சரி, நீல்ஸ் போர் சிவகங்கைக்கு வரமாட்டார். ஆனால் உங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? நான் வேலை பார்த்த ஊரில் ஒரு முறை துறை மன்றத்துக்குக் கண்மாய் நீர்பாய்ச்சி ஒருவரைக் கூப்பிட்டோம், கண்மாய்த் தண்ணீரைத் திறந்து வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிறவர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், வேட்டி, தோளில் துண்டு, மேடையில் ஏறவே கூச்சப்பட்டார். பேசத் தெரியாது சார் என்றார். நாங்கள் மைக்கை நகர்த்திவிட்டு ஒரு சாக்பீஸைக் கொடுத்தோம். பலகை முழுக்கக் கண்மாயை வரைந்துவிட்டார். கரை எங்கே வளைகிறது, ஏன் அங்கே வளைகிறது, மிகுதித் தண்ணீர் வெளியேறுகிற கலுங்கு எந்த மட்டத்தில் இருக்கிறது, எந்த மடையை முதலில் திறப்பது, தண்ணீர் குறைந்த வருஷத்தில் கடைமடைக்காரனுக்கு எப்படிப் பங்கு வைப்பது. நாற்பது நிமிடம் என்று சொல்லியிருந்தோம், இரண்டு மணி நேரம் போனது. ஏரிகளைப் பார்த்துக்கொண்ட ஊர்ச்சபைக் குழுவான சோழர் கால ஏரி வாரியம் பற்றி நான் மூன்று வருடமாக நடத்திய பாடம் என் மாணவர்களுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, எனக்கும் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. அவருக்கு நாங்கள் கொடுத்த மதிப்பூதியம், வெளியூர்ப் பேராசிரியர்களுக்குக் கொடுக்கும் அதே தொகை. குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று மாணவர்கள்தான் பிடிவாதமாக நின்றார்கள்.

*ஓய்வு பெற்றவன். சென்னையில் என்னைப் போன்ற பொதுமக்கள் போய்க் கேட்கக்கூடிய உரைகள் எங்கே நடக்கின்றன?*
வளசரவாக்கம்

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பொது உரைகள் நடக்கின்றன, வரலாறு, மொழி, இலக்கியத்தில் ஈடுபாடு இருந்தால் விட்டுவிடாதீர்கள். அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், அங்கே மால்கம் ஆதிசேஷையா நினைவுச் சொற்பொழிவு. கணித அறிவியல் நிறுவனத்தார் மியூசிக் அகாடமியில் நடத்துகிற 'சயின்ஸ் அட் த சபா' நிகழ்ச்சிக்குப் பேரப்பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள், கச்சேரி கேட்கிற அரங்கத்தில் கணிதம் கேட்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துறைகளிலும் அறக்கட்டளை உரைகள் நடந்துகொண்டே இருக்கின்றன, ஆனால் அழைப்பு பெரும்பாலும் அந்தத் துறையின் அறிவிப்புப் பலகையோடும் வாட்ஸாப் குழுவோடும் நின்றுவிடுகிறது. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற நிறுவனங்கள், பொதுச் சொற்பொழிவு என்று பெயர் வைத்தால் ஊருக்குச் சொல்ல வேண்டாமா? தேதியும் தலைப்பும் போட்டு வாசல் கேட்டில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகும்?

*நீங்கள் கேட்டதிலேயே சிறந்த சொற்பொழிவு எது?*
பலர்

எம்.ஏ. படிக்கும்போது கல்வெட்டு பற்றிப் பேச ஒரு அம்மா வந்தார்கள். மேடைக்குப் போகவே இல்லை. நாலு மேசைகளை ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி, கொண்டுவந்திருந்த நீளமான சுருளை அதன்மேல் விரித்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டின் மைப்படி, அதாவது கல்மேல் தாளை ஒற்றி மை தடவி எடுத்த படி. கறுப்பு மையில் வெள்ளை எழுத்துகள். எங்களைச் சுற்றி நிற்கச் சொல்லி, ஆளுக்கு ஒரு எழுத்து, தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றார்கள். புள்ளி இல்லை, குறில் நெடில் பிரியவில்லை, ஒருவன் ககரம் என்பான், இன்னொருவன் சகரம் என்பான். டீ கொண்டுவந்த கேன்டீன் அண்ணன்கூடத் தட்டை வைத்துவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் போராடி எழுத்து எழுத்தாகச் சேர்த்தபோது ஒரு வரி வந்தது: நாம் கொடுத்தனவும் நம் அக்கன் கொடுத்தனவும் நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்னது. "நம் அக்கன்" என்ற இடத்தை வாய்விட்டுப் படித்தது என் பக்கத்தில் நின்ற பெண். படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிட்டாள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு ராஜா தன் அக்காவைச் சொல்கிறான் என்பது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

அந்த அம்மா பாடம் என்று எதுவும் நடத்தவில்லை. கிளம்பும்போது, "நேர்ல போய்ப் பாருங்க, விமானத்தோட அடியில இருக்கு" என்று மட்டும் சொன்னார்கள். அந்த வாரக் கடைசியில் நாங்கள் ஆறு பேர் சொந்தக் காசில் பஸ் ஏறித் தஞ்சாவூர் போனோம். அந்த வரியைக் கண்டுபிடிக்க மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது.